பிள்ளைமேல் கையெழுத்துப் போடாதே

இஞ்சம்பாக்கம், சென்னை
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் குட்டிப் பயலும் நலம்தானே? அம்மாவின் முட்டுவலி தேவலையா? குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று உன் அத்தான் செய்தி பார்த்துவிட்டுச் சொன்னார். பச்சை உடம்புக்காரி சாரல் காற்றில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது என்று அம்மா வைதுகொண்டிருப்பாள். அவள் அடுக்களைக்குள் போனதும் நீ ஜன்னலைத் திறந்துவிடுவாய். திறப்பதுதான் திறக்கிறாய், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திற.

போனில் இப்போது நீயும் நானும் பேசுவதில்லை, அவன்தான் பேசுகிறான். நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்ததும் அவன் வீறிடுகிறான், நீ "அப்புறம் கூப்பிடுதேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பால் கொடுக்கும்போது ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம், பாதியில் விட்டு மறுநாள் தொடரலாம்.

பேர் வைத்த அன்று நடந்ததைச் சொன்னாயே, அது மனசிலேயே கிடக்கிறது. பெரியம்மா அவனைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதைவிட அழகா ஒரு படம் வரைஞ்சிருவியாட்டி நீ? இனிமே இவந்தான் உன் படம்" என்றாளாம். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம், நீயும் சிரித்தாயாம். அப்புறம் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "பெரியம்மா சொன்னது சரிதானோக்கா?" என்று கேட்டாய். உன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

சரியில்லை, பாப்பா. பெரியம்மா ஆசையில்தான் சொன்னாள், அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டை யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்தாயா? நம் ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த ஓவியர் பணிக்கருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் மகன் நந்தகோபால் பெயர் பெற்ற சிற்பி. "மகன் பிறந்துவிட்டானே, இனி உங்களுக்கு எதற்கு ஓவியம்?" என்று பணிக்கரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பாட்டுக்கு வரைந்தார், 1966-ல் இங்கே பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் தொடங்கினார். ஆணுக்குப் பிள்ளை பிறந்தால் பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான். பெண்ணுக்கு என்றால் மட்டும் அதையே ஓவியம், கவிதை, காவியம் என்று சொல்லி, கையிலிருக்கும் பிரஷைப் பக்குவமாக வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

படம் நாம் செய்வது. கோடு கோணினால் அழிக்கலாம். நிறம் பிடிக்கவில்லையென்றால் மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்கலாம். ஒன்றும் சரிப்படவில்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். பிள்ளையிடம் இதில் எந்த உரிமையும் நமக்குக் கிடையாது. அவன் காது எப்படி மடங்க வேண்டும், தலையில் சுழி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று உன்னை யாராவது கேட்டார்களா? நீ இடம் கொடுத்தாய், ரத்தம் கொடுத்தாய், இப்போது பால் கொடுக்கிறாய். அவன் தானாக வளர்கிறான். பிள்ளையைத் தன் படைப்பு என்று நினைக்கிற தாய், என்றைக்காவது ஒருநாள் அதன்மேல் கையெழுத்துப் போடப் பார்ப்பாள். எந்தக் காலேஜ், எந்த வேலை, எந்தப் பெண் என்று ஒவ்வொன்றிலும் அந்தக் கையெழுத்து விழும். அதற்குப் படம் வரைந்துவிட்டுப் போகலாம். படம் வலிக்கிறது என்று சொல்லாது.

"இயற்கையே அப்படித்தானே விதிச்சிருக்கு?" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். இயற்கை அப்படி ஒரே விதியை எங்கே எழுதி வைத்திருக்கிறது? இந்தக் கடற்கரைக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து, முட்டைகளைப் பத்திரப்படுத்தும் மாணவர் குழு ஒன்று 1988-லிருந்து இருக்கிறது. ஒரு முறை நானும் அவர்களோடு நடந்தேன். அலையிலிருந்து ஏறி வந்த ஆமை பின் துடுப்புகளால் குடத்தின் வடிவில் ஒரு குழி தோண்டியது. ஒரு துடுப்பு மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும், பிறகு மற்றது. திரும்பிப் பார்க்காமல், முழுக்கத் தடவித் தடவியே செய்கிற வேலை. நூறு முட்டைக்கு மேல் இட்டது. மண்ணை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மேலே தட்டி இறுக்கியது. கடலுக்குப் போய்விட்டது. குஞ்சு பொரிய நாற்பத்தைந்து நாளாவது ஆகும், அதன் முகத்தைத் தாய் ஆமை பார்க்கப் போவதில்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மண்ணின் சூடுதான் தீர்மானிக்கிறது. மண் கூடுதலாகச் சூடானால் பெண் குஞ்சுகள் அதிகம்.

உன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரிகிற மலையில் இருவாச்சி இருக்கிறது. அதன் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். ஆமையும் தாய்தான், இருவாச்சியும் தாய்தான். காக்கைக் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போகிற குயிலையும் நாம் பாட்டில் வைத்துக் கொண்டாடத்தானே செய்கிறோம்? இதில் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, இதுதான் இயற்கையின் சட்டம் என்று உன் தலையில் கட்டினால் ஒத்துக்கொள்ளாதே.

அப்படியானால் பிள்ளை வளர்ப்பதற்கும் படம் போடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா? இருக்கிறது. பார்ப்பதில் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். உன் மார்புக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. அவன் உன்னையே பார்க்கிறான், நீ அவனையே பார்க்கிறாய். கல்லூரியில் நம்மை மாடல் முன்னால் உட்காரவைத்துப் பார், பார் என்று படித்துப் படித்துச் சொன்னார்களே, அங்கேகூட இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், ஒரே உருவத்தை யாரும் பார்த்ததில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் அவனிடம் என்ன மாறியிருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். தானாக வளர்கிற ஒன்றை, கையை வைத்துத் திருத்தாமல், விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது ஓவியருக்கு லேசில் வராத பழக்கம். நமக்குக் கை பரபரக்கும். பிள்ளை அந்தக் கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கண்ணை மட்டும் திறந்துவிடுகிறது.

மரியா சிபில்லா மேரியனை உனக்கு நினைவிருக்கும், நூலகத்தில் அவர் பூச்சிப் படங்களைக் காட்டியிருக்கிறேன். 1647-ல் பிராங்பர்ட்டில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்க்க ஆரம்பித்தவர். புழுவும் பூச்சியும் சேற்றிலும் அழுகலிலும் தானாக உண்டாகின்றன என்று பலரும் நம்பிய காலம். இவர் ஒவ்வொரு புழுவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அது எந்த இலையைத் தின்னும் என்று கண்டுபிடித்து, அந்த இலையையே போட்டு வளர்த்து, கூட்டுப்புழுவாகிற வரை, சிறகு முளைத்து வருகிற வரை காத்திருப்பார். பிறகு முட்டை, புழு, கூடு, பூச்சி, அது தின்ற செடி எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைவார். அவருக்கு இரண்டு பெண்கள். இளையவள் பிறந்தது 1678-ல், புழுக்களைப் பற்றிய அவருடைய முதல் நூல் வந்தது 1679-ல். கைக்குழந்தையும் புழுப்பெட்டிகளுமாக அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். இரண்டுமே வேளைக்குத் தீனி கேட்கும், இரண்டையும் அவசரப்படுத்த முடியாது.

ஐம்பத்திரண்டு வயதில், 1699-ல், தன் படங்களை விற்ற காசில் அந்த இளைய மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவில் இருக்கும் சுரினாமுக்குப் போனார். உடம்பு கெட்டு 1701-ல் திரும்பினார். 1705-ல் வெளிவந்த சுரினாம் பூச்சி நூலில் அறுபது படத்தாள்கள். அதில் ஒன்றில் இருக்கிற செடி உனக்கும் எனக்கும் தெரிந்தது. நம் வீட்டு வாசல் மயில்கொன்றைதான். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து இங்கே வந்த செடி அது. ஐந்து இதழ், அதில் ஒன்று மட்டும் சின்னது. சிவப்பு இதழின் விளிம்பு முழுக்க மஞ்சள் ஓடும். மகரந்தத் தாள்கள் பூவைவிட்டு வெளியே நீண்டு வளைந்து நிற்கும். சின்ன வயதில் அதைப் பறித்து நகத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுவோமே, அதே பூ.

அந்தப் படத்துக்கு மேரியன் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு அந்தப் பூவை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. டச்சு முதலாளிகளிடம் அடிமைப்பட்டுக் கிடந்த பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்று, இந்தச் செடியின் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள். அந்தப் பெண்களே தன்னிடம் அதைச் சொன்னதாக எழுதியிருக்கிறார். அவரும் அப்பழுக்கற்றவர் இல்லை. அவருக்குக் காட்டில் வழி வெட்டிக் கொடுத்தவர்களும் அடிமைகள்தான். ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி, பூவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார். தாய்மை என்றால் பால் மணம், தாலாட்டு என்று மட்டும் வரைகிறவர்களுக்கு நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன். பிள்ளை வேண்டும் என்பதும் தாயின் மனசுதான், இந்த உலகத்துக்கு என் பிள்ளை வேண்டாம் என்பதும் தாயின் மனசுதான். இரண்டையும் பார்க்கிற கண் இருந்தால்தான் நம் தொழில் தொழிலாக இருக்கும்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டே வேலை செய்த இன்னொருவர் ரூத் அசாவா, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த சிற்பி. 1950-களில் அவர் வீட்டில் ஆறு பிள்ளைகள். மெக்சிகோவின் தொலூக்கா ஊரில் முட்டைக்கூடை பின்னுகிறவர்களிடம் 1947-ல் கற்ற கம்பிப் பின்னலை வைத்து, கூரையிலிருந்து தொங்குகிற பெரிய பெரிய சிற்பங்கள் செய்தார். பிள்ளைகள் காலடியில் விளையாடிக்கொண்டிருக்க, வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பின்னினார். கம்பி காய்ந்து போகாது, வாடை அடிக்காது. எந்த வளையத்தில் விட்டோமோ அங்கேயே தொடரலாம். அவர் பெரிய கலைஞரானதற்கு இது மட்டும் காரணம் இல்லைதான். ஆனால் தன் நாளுக்கு ஒத்துவருகிற ஊடகத்தைப் பிடித்துக்கொண்டார் பார், அதைச் சாமர்த்தியம் என்று சொல்வேன்.

எனக்கும் அதுதான் நடந்தது. பெரியவன் பிறந்தபோது நான் ஆயிலில் இருந்தேன். ஒற்றை அறை வீட்டில் டர்பன்டைனும் தொட்டிலும் ஒன்றாக இருக்க முடியாது. அக்ரிலிக்குக்கு மாறினேன். அழுகிறானே என்று எழுந்துபோய் அமர்த்திவிட்டு வந்தால், தட்டில் கலந்து வைத்த வண்ணம் தோலாகக் காய்ந்திருக்கும், பிரஷ் விறைத்துப்போயிருக்கும். கடைசியில் வாட்டர் கலரில் வந்து நின்றேன். காய்ந்தால் காயட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி இளகி வரும். மடியில் வைத்துப் போடுகிற அளவுக்குத் தாளும் சிறுத்தது. கண்காட்சியில் ஒருவர் என் படங்களின் "நுண்மை"யைப் பற்றி விரிவாகப் பேசினார். அந்த நுண்மை தொட்டில் கொடுத்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் அடும்புக்கொடியை வரைய ஆரம்பித்தேன். இங்கே மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான், ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலையும் ஊதாப் பூவும். பூ விடிகாலையில் விரியும், வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். அவன் காலைத் தூக்கமும் அதற்குள் முடிந்துவிடும். இரண்டு பேருமே எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் கை தயங்காமல் ஓடப் பழகியது.

இதையெல்லாம் படித்துவிட்டு இன்றைக்கே நோட்டை எடுத்துக்கொண்டு உட்காராதே. இப்போது நீ செய்ய வேண்டியது தூங்குவது. அம்மா கொடுக்கிற உளுந்தங்களியையும் பேறுகால மருந்தையும் முகம் சுளிக்காமல் சாப்பிடு. கை ஓய்ந்திருக்கட்டும், கண் வேலை செய்தால் போதும். உடம்பு தேறியதும் காதிலிருந்து ஆரம்பி. முகத்தை வரையாதே, முகம் என்றதும் "அழகாக" வர வேண்டும் என்ற ஆசை குறுக்கே வந்துவிடும். தூங்குகிறவனின் காது போதும். வெளிவளையம் எங்கே உள்ளே மடங்கிப் போகிறது என்று பார். விளக்கு பின்னால் இருந்தால் மடல் சிவந்து தெரியும், அந்தச் சிவப்பு நடுக்குருத்தெலும்பை நெருங்கும்போது எப்படி மங்குகிறது என்று பார். மடலின் ஓரத்தில் பூனைமுடி இருக்கும், அது நாளாவட்டத்தில் உதிர்ந்துவிடும். பிறந்தபோது அமுங்கியிருந்த காது நிமிர்ந்துகொண்டிருக்கும். வரைந்து முடிக்கும் முன் அவன் திரும்பிப் படுத்தால், விட்டுவிடு. பாதிக் காது ஒன்றும் குறை இல்லை.

இன்னொன்று, அதை எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதிவிடுகிறேன். நம் கல்லூரியில் நமக்கு முன்னே படித்த பொன்னானிக்காரர் டி.கே.பத்மினி, பணிக்கரின் மாணவி. பெண்களையும் மரங்களையும் தன் ஊர் நிலத்தையும் அவர் வரைந்த விதம் நமக்கெல்லாம் பாடம். 1969-ல், இருபத்தொன்பது வயது முடிவதற்குள், பிரசவத்தில் இறந்துபோனார். இன்னும் என்னவெல்லாம் வரைந்திருப்பார் என்ற நினைப்பு அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும். நீ பெற்றுப் பிழைத்து வந்து உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பிழைப்பில் அவனுக்குப் பங்கு உண்டு, முழுக்க அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடாதே.

அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மனசு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று சொல்கிறவர்கள் துணி துவைத்ததில்லை. மாப்பிள்ளையிடம் இப்போதே பேசு. சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளை அவரிடம் இருக்கட்டும். "அவர் ஹெல்ப் பண்ணுதாரு" என்று ஊரெல்லாம் சொல்லாதே, தன் பிள்ளையைத்தானே பார்க்கிறார். பெரியம்மா வந்தால் அவள் மடியில் அவனைக் கொடு, இரண்டு பேரையும் சேர்த்து வரை. கொஞ்சுவதில் மும்முரமாக இருப்பாள், அசையவே மாட்டாள். கல்லூரியில் காசு கொடுத்து வைத்த மாடல்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

என் வீட்டு நிலவரத்தையும் கேள். இத்தனை வண்ணத்துக்கு நடுவே வளர்ந்த சின்னவள் சி.ஏ. படிக்கிறாள். சிவப்புக்கும் அரக்குக்கும் வித்தியாசம் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்கிறாள். என் படங்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது எது என்று போன வாரம் கேட்டேன். விற்றுப்போனது என்றாள். ஜி.எஸ்.டி. கணக்கை மட்டும் அவள்தான் போட்டுக் கொடுக்கிறாள். அவள் இப்படி இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அவள் அவளாக இருக்கிறாள், என் படங்கள் என் படங்களாக இருக்கின்றன. ஒன்றின் குறையை மற்றதால் அடைக்க நான் போனதில்லை.

பார்சலில் வாட்டர் கலர் கேக் பெட்டி ஒன்றும், இரண்டு பிரஷும், உள்ளங்கை அகல நோட்டு ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். பெட்டியை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வை, வரைந்த கையைக் கழுவிவிட்டு அவனைத் தூக்கு. வரைந்ததை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே, எனக்கும்தான். ஆவணியில் வரும்போது நேரில் பார்த்துக்கொள்கிறேன். புது நோட்டின் வெள்ளைப் பக்கத்தைக் கண்டால் உனக்குக் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் முதல் பக்கத்தை நானே கிறுக்கிக் கெடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலிருந்து உன்னுடையது.

அம்மாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா